கம்பத்தடியில் யாருமில்லை

மார்ச் 3

மதிப்பிற்குரிய புகைப்பட நிபுணர் அவர்களுக்கு,

உன் அப்பன் எழுதுவது. போன் பண்ணினால் நீ எடுப்பதில்லை. ஏழு மாதமாக நீ அம்மாவின் போனில் பேசும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குச் சம்பந்தமே இல்லாத மாதிரி பேப்பர் படிக்கிறேன். போன வாரம் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தேனாம். உன் அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். போனை யார் வேண்டுமானாலும் பாதியில் வைத்துவிடலாம். கடிதத்தைப் பிரித்துவிட்டால் பாதியில் விட மனசு வராது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

உன் அலமாரியின் மேல்தட்டில் நீ விட்டுப்போன கேமராவை எடுத்திருக்கிறேன். உன்னைக் கேட்காமல் எடுத்தது தப்பு. மீன் கண் மாதிரி முன்னால் உப்பிக்கொண்டு ஒரு லென்ஸ் இருக்கிறதே, அதோடுதான் எடுத்தேன். பதினோரு படம் எடுத்துப் பார்த்தேன். பதினொன்றும் ஒரே கறுப்பு. மூடியைக் கழற்ற வேண்டும் என்று உன் அம்மா சொன்னாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "எனக்குக் கண்ணு இருக்கு"ன்னு சொன்னாள்.

காரணம் இதுதான். என் ரூட்டில் ஆஸ்பத்திரி பின்வாசல் ஸ்டாப் உனக்குத் தெரியும். அதை ரத்து பண்ணப் போகிறார்கள். பஸ்ஸின் முன்கண்ணாடியில் ஒரு கேமராவை ஒட்டி, பத்து நாள் கணக்கெடுத்தார்கள். பஸ் ஐம்பது மீட்டர் தள்ளி வரும்போது கம்பத்தைச் சுற்றிப் போட்டிருக்கும் மஞ்சள் கட்டத்துக்குள் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று. பத்து நாளும் பூஜ்யம்.

பூஜ்யம்தான் வரும். அந்தக் கம்பம் மொட்டை வெயிலில் நிற்கிறது. அங்கே நிற்க யாருக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது? காலையில் எல்லோரும் கிழக்குப் பக்கம் ஆஸ்பத்திரி மதிலோரம் நிற்பார்கள். மத்தியானத்துக்கு மேல் எதிர்ப்பக்கம், மேற்கே இருக்கும் குடோன் சுவரோரம். பஸ் முக்கில் திரும்பினால்தான் கம்பத்தைப் பார்த்து நடக்க ஆரம்பிப்பார்கள். பதினாறு வருஷமாக நான் கம்பத்தைப் பார்த்து வண்டியை நிறுத்தியதே இல்லை. நிழலைப் பார்த்துத்தான் நிறுத்துகிறேன்.

டிப்போ ஆபீசரிடம் போய்ச் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். "ஆள் எங்கய்யா?" "நிழல்ல இருக்காங்க சார்." "படத்துல இல்லையே." "உங்க கேமரா நேரா மட்டும்தான் பாக்குது சார்." "பஸ்ஸு நேராத்தான்யா போகும்." பக்கத்தில் இருந்த கிளார்க் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அப்போதுதான் உன் கேமரா ஞாபகம் வந்தது. அது முன்னால், பக்கவாட்டில், மேலே, கீழே எல்லாம் பார்க்குமே. நாலு திசைக்கும் எடுத்து ஒட்டினால் தெரு முழுக்க ஒரே படத்தில் வந்துவிடும் என்று நீ அன்றைக்குக் கண்காட்சியில் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தாய். நான் அப்போது வேறொன்று சொல்லிவிட்டேன். அதை இங்கே எழுத மாட்டேன்.

எப்படி எடுப்பது என்று எழுது. திட்டி எழுதினாலும் பரவாயில்லை, நடுவில் அந்த விவரம் இருந்தால் போதும்.

அப்பா


மார்ச் 11

அப்பாவுக்கு,

"ஸ்பூனோட முதுகுல மூஞ்சி பாத்த மாதிரி இருக்கு." அதுதான் நீங்கள் சொன்னது. நீங்கள் எழுதாவிட்டால் நான் எழுதுகிறேன். மூன்று வருஷம் தெருத் தெருவாக அலைந்து எடுத்த இருபது படங்கள். என் ஆசிரியர், என் நண்பர்கள், முன்பின் தெரியாதவர்கள் எல்லோரும் நிற்கும்போது சத்தமாகச் சொன்னீர்கள். ஹாலே சிரித்தது. ஆசிரியரும் சிரித்தார். அதற்கப்புறம் என் படங்களை யார் பார்த்தாலும் ஸ்பூனைத்தான் பார்த்தார்கள்.

அதனால்தான் அந்தக் கேமராவை அங்கேயே விட்டு வந்தேன். இப்போது விற்பனைக்கு இருக்கும் ஃப்ளாட்டுகளின் சுற்றுப் படங்களைத் துடைக்கும் வேலை பார்க்கிறேன். குப்பைத் தொட்டி, மின்கம்பி, துணிக்கொடி, வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆள் எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். நன்றாக அழிக்கிறேன் என்று பெயர் வாங்கியிருக்கிறேன்.

கேமராவை எடுத்த இடத்தில் வைத்துவிடுங்கள்.

பி.கு. வைக்கப் போவதில்லை என்று தெரியும். அதனால்: மூடியைக் கழற்றவும். ஒரு கழியின் உச்சியில் கேமராவை இறுக்கி, கழியைத் தெருவில் ஒரே இடத்தில் ஊன்றவும். அது நகரவே கூடாது. கால் வட்டம் திருப்பித் திருப்பி நான்கு படம். ஒவ்வொரு முறையும் நீங்களும் கேமராவுக்குப் பின்னால் சுற்றி வர வேண்டும். மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ளவும். இந்த லென்ஸுக்கு முன்னால் இருப்பது மட்டுமல்ல, பக்கத்தில் துருத்திக்கொண்டிருப்பதும் தெரியும். கேமராவிலிருக்கும் மெமரி கார்டை என் விலாசத்துக்கு அனுப்புங்கள். ஒட்டித் தருகிறேன், அவ்வளவுதான்.


மார்ச் 19

அன்பு மகளுக்கு,

கார்டு இதற்குள் இருக்கிறது. தொலையாமல் இருக்க அம்மா அதைத் துணியில் வைத்துத் தைத்திருக்கிறாள். கத்தரிக்கோலால் பிரி, பல்லால் கடிக்காதே.

என் வார லீவு அன்றைக்குக் காலை ஏழரைக்கும் மாலை நாலரைக்கும் எடுத்தேன். ஒட்டடைக் கழியில் கேமராவைக் கட்டிக்கொண்டு நடுத்தெருவில் நின்றேன். ஆட்டோக்காரன் ஒருத்தன், "பெருசு, மேல ஒட்டடை எங்க இருக்கு?"ன்னு கேட்டான். "வானத்துல. நீ வழிய பாத்துப் போ"ன்னு சொன்னேன்.

மூச்சை இழுக்கச் சொன்னாய். இழுத்தேன். உன் லென்ஸ் நம்ப மாட்டேன் என்கிறது. எட்டுப் படத்திலும் கீழ் ஓரத்தில் என் தொப்பை நிலா மாதிரி உதிக்கிறது. ஒன்று கவனித்தேன். அந்த லென்ஸில் சுவர் வளைகிறது, கம்பம் வளைகிறது, ஆஸ்பத்திரியே வளைகிறது. ஏற்கனவே வளைந்திருப்பதால் என் தொப்பை மட்டும்தான் உள்ளது உள்ளபடி வந்திருக்கிறது.

காலைப் படத்தில் மதிலோரம் எண்ணிப் பார். பத்தொன்பது பேர். ஊன்றுகோலோடு நிற்கிறாரே, அவர்தான் மெதுவா அக்கா. நாங்கள் வைத்த பேர். ரத்தம் சுத்தம் பண்ண வாரத்துக்கு மூணு நாள் வருகிறார். அவர் ஏறும்போது நானும் கண்டக்டரும் சேர்ந்து "மெதுவா அக்கா, மெதுவா"ன்னு சொல்லிச் சொல்லி அதுவே பேராகிவிட்டது. ஸ்டாப் போய்விட்டால் அவர் மேம்பாலப் படி ஏறி இறங்கி அடுத்த ஸ்டாப்புக்குப் போக வேண்டும். நான் நடந்து பார்த்தேன். எண்ணூறு தப்படி, நாற்பத்திரண்டு படி. எனக்கே பாதியில் உட்கார வேண்டியிருந்தது. அவருக்குச் சிகிச்சை முடிந்து வரும்போது நிற்கவே தெம்பு இருக்காது.

நீலச் சேலை நர்ஸம்மா ரெண்டு படத்தில் ரெண்டு இடத்தில் இருப்பார். நான் திரும்புவதற்குள் நடந்துவிட்டார். ஒரே ஆள் ஒரே நேரத்தில் ரெண்டு இடத்தில். இந்த வித்தையை முன்னாலேயே சொல்லியிருந்தால் பதினாறு வருஷம் லீவே போட்டிருக்க மாட்டேன்.

முதல் தேதியிலிருந்து ஸ்டாப் ரத்து. நான் எழுதிக் கொடுத்த ஆட்சேபணைக்கு விசாரணை ஏப்ரல் 2. அதற்குள் படம் வந்தால் போதும். வராவிட்டாலும் வண்டியை அங்கே நிறுத்தத்தான் போகிறேன்.

அப்பா


மார்ச் 26

அப்பா,

இரண்டு படங்களையும் ஒட்டி, பெரிதாக அச்சிட்டு அனுப்பியிருக்கிறேன். சுருட்டி வைத்திருக்கிறேன், மடிக்காதீர்கள்.

உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காமல் மூன்று மணி நேரம் பார்த்தேன். நிழல் எங்கே போகிறதோ அங்கே கூட்டமும் போகிறது. கம்பம் மட்டும் நடுவில் அநாதையாக நிற்கிறது. என் இருபது படத்திலும் இப்படி ஒன்று இல்லை. நான் வளைவை எடுத்தேன், நீங்கள் ஆட்களை எடுத்திருக்கிறீர்கள். இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு தகவல்.

படம் ஆபீசுக்குப் போவதால் சுத்தமாக இருக்கட்டும் என்று உங்கள் தொப்பையையும் செருப்பையும் ஒட்டடைக் கழியையும் எடுத்துவிட்டேன். இரண்டாவது நர்ஸையும். இப்போது யாருமே எடுக்காமல் படம் தானாக வந்தது போல இருக்கிறது.

உங்களுக்குப் பேப்பரை நேராகப் பிடிக்கச் சொல்லித் தரும்படி அம்மாவிடம் சொன்னேன்.


ஏப்ரல் 4

அன்பு மகளுக்கு,

முந்தாநாள் விசாரணை முடிந்தது. முடிந்ததா, நான் முடிந்தேனா என்று தெரியவில்லை.

உன் படத்தை மேஜையில் விரித்ததும் ஆபீசர் எழுந்து நின்றே பார்த்தார். நல்ல மனுஷன்தான், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். பத்தொன்பது பேரையும் விரலால் எண்ணினார். அப்புறம் விரல் ஒரு இடத்தில் நின்றுவிட்டது.

"இது யாரோட நிழல்?"

காலைப் படத்தில், தெரு நடுவிலிருந்து கிளம்பி, குடோன் பக்கமாக, ஒல்லியாக நீளமாக ஒரு நிழல். தலை, தோள், கையில் கழி, எல்லாம் இருக்கிறது. கால் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ரோடு.

"என்னோடது சார்."

"நீ எங்க?"

என்ன சொல்ல? என் பொண்ணு என்னை அழித்துவிட்டாள் என்றா? உண்மையைச் சொன்னேன். படம் அழகாக இருக்கட்டும் என்று என்னை எடுத்துவிட்டோம் என்றேன். "ஆளை எடுக்கத் தெரிஞ்சவங்களுக்கு ஆளைச் சேக்கத் தெரியாதா?"ன்னு கேட்டார். அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

போலிப் படம் கொடுத்தது, ரத்தான ஸ்டாப்பில் ஒண்ணாம் தேதி வண்டியை நாலு தரம் நிறுத்தியது, இரண்டுக்கும் சேர்த்து சஸ்பென்ட். ஒரு தாளும் கொடுத்திருக்கிறார்கள். "படங்கள் திரிக்கப்பட்டவை, ஆட்சேபணையைத் திரும்பப் பெறுகிறேன்" என்று டைப் அடித்திருக்கிறது. கையெழுத்துப் போட்டால் மறுநாளே வண்டி. போடாவிட்டால் 22ஆம் தேதி மறு விசாரணை, அதில் வேலையே போகலாம்.

அந்தத் தாளை டீ டம்ளருக்கு அடியில் வைத்திருக்கிறேன். வட்டம் வட்டமாகக் கறை பிடித்திருக்கிறது. கையெழுத்துக்கு இடமில்லாமல் போகும் வரை டீ குடிப்பதாக உத்தேசம்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். கொஞ்சம் இருக்கிறது. தொப்பை அசிங்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தொப்பைதான் அங்கே நின்றது. நடுத்தெருவில் ஹாரன் சத்தத்தில் அது நின்றதால்தான் படம். நான் சிரித்துச் சிரித்து உன்னை ஒரு ஹாலில் இல்லாமல் பண்ணினேன். நீ துடைத்துத் துடைத்து என்னை ஒரு தெருவில் இல்லாமல் பண்ணிவிட்டாய். கணக்கு நேராகிவிட்டது என்று வைத்துக்கொள். இதற்கு மேல் எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது.

உன்னிடம் துடைக்காத படம் இருக்குமே. தொப்பை, செருப்பு, ரெண்டு நர்ஸம்மா, எல்லாவற்றோடும் அனுப்பு.

அப்பா


ஏப்ரல் 10

அப்பா,

கையெழுத்துப் போடாதீர்கள்.

இதை முதல் வரியில் எழுதிவிட்டேன், தபாலில் மற்றது நனைந்தாலும் இது தெரியட்டும் என்று. அம்மாவும் அதையேதான் சொன்னாள். "உங்கப்பா கையெழுத்துப் போட்டா நான் அவரு வண்டியில ஏற மாட்டேன், நடந்தே போவேன்" என்றாள்.

அந்த நிழலை நான் பார்த்தேன் அப்பா. பார்த்துவிட்டு, கம்பத்தின் நிழல் என்று நினைத்துவிட்டேன். காலை வெயிலில் அவ்வளவு ஒல்லியாக இருந்தது. உங்களை ஒல்லியாக நான் பார்த்ததே இல்லையே, எப்படி அடையாளம் தெரியும்? சிரிக்க வேண்டும் என்று எழுதுகிறேன். நேற்று முழுக்க அழுதேன்.

தொழில் புத்தி என்று இருக்கிறது. ஒரு படத்தைத் திறந்தால் முதலில் யாரை அழிக்கலாம் என்றுதான் கை போகிறது. இன்று காலை ஒரு ஃப்ளாட் படம் வந்தது. வாசலில் ஒரு பெண் குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அழிக்கச் சொன்னார்கள். "அவங்க அங்கதான் குடியிருக்காங்க, அழிக்க மாட்டேன்"னு சொன்னேன். மேனேஜர் திரும்பத் திரும்பச் சொன்னார், நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். எனக்கும் சஸ்பென்ட் மாதிரிதான், தாள் மட்டும் கொடுக்கவில்லை. டீ டம்ளருக்கு அடியில் வைக்க ஒன்றுமில்லை.

எல்லாவற்றோடும் அச்சிட்டு அனுப்பியிருக்கிறேன். ஒட்டாத எட்டுப் படங்களும் தனித்தனியாக இருக்கின்றன. எது எங்கே சேர்கிறது என்று அவர்களே வைத்துப் பார்க்கட்டும். கார்டையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன், தைக்காமல். எனக்குத் தைக்க வராது.

உங்கள் தொப்பை நிஜமாகவே நேராகத்தான் வந்திருக்கிறது.


ஏப்ரல் 23

என் மகளுக்கு,

மேலிருந்து கீழ் வரை ஒழுங்காகச் சொல்கிறேன். குறுக்கே பேசாதே.

படம் வந்த அன்றைக்கே சிவப்புப் பேனாவால் அம்புக்குறி போட்டேன். "இது என் தொப்பை." "இது என் செருப்பு, இடது வார் அறுந்தது." "இந்த நர்ஸம்மாவும் அந்த நர்ஸம்மாவும் ஒருவரே, நடுவில் நடந்தார், ஒரு தலையைக் கழித்துக்கொள்ளவும்." "இது என் நிழல், காலோடு." உன் அம்மா பார்த்துவிட்டு, "பரீட்சைப் பேப்பர் திருத்துன மாதிரி இருக்கு, மார்க் போடலையா?"ன்னு கேட்டாள்.

விசாரணைக்கு நான் ஒருத்தனாகத்தான் போக நினைத்தேன். டிப்போ வாசலில் பார்த்தால் மெதுவா அக்கா நிற்கிறார். கூட நர்ஸம்மா, துணி வெளுக்கிற பெண்கள், கண் கட்டோடு ஒரு பெரியவர், நம்ம கண்டக்டர். பதினான்கு பேர். "எதுக்கு அக்கா இவ்வளவு தூரம்?"னு கேட்டேன். "போலின்னு சொன்னாங்களாமே. நான் போலியான்னு தொட்டுப் பாக்கட்டும்"னு சொன்னார்.

ஆபீசர் அறை காலை பத்து மணிக்கு எப்படி இருக்கும் தெரியுமா? கிழக்கு ஜன்னல். மேஜைக்கு எதிரே மூணு வரிசை நாற்காலி, அவ்வளவிலும் வெயில். உள்ளே போனோம். ஆபீசர், "உக்காருங்க"ன்னு சொல்லிவிட்டு ஃபைலில் குனிந்தார். படங்களைப் பார்த்தார், அம்புக்குறிகளைப் படித்தார், உதட்டைக் கடித்துக்கொண்டார். எட்டுப் படத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். பத்து நிமிஷம் இருக்கும். அப்புறம் தலையை நிமிர்த்தாமலே, "சரி, இந்த ஸ்டாப்புல ஏறுறவங்க யாராவது வந்திருக்காங்களா?"ன்னு கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

நாற்காலி அத்தனையும் காலி.

பதினான்கு பேரும் அவருக்குப் பின்பக்கச் சுவரோரம், ஜன்னலை ஒட்டின மூலையில், வரிசையாக நிற்கிறார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அங்கேதான் நிழல். மெதுவா அக்கா அலமாரியில் சாய்ந்துகொண்டிருந்தார். ஆபீசருடைய நாற்காலியே வழக்கமான இடத்திலிருந்து ரெண்டடி தள்ளித்தான் கிடந்தது, வெயிலுக்குப் பயந்து. தரையில் பழைய தடம் தெரிந்தது.

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பனுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். நாக்கு நுனி வரை வந்த நாலு ஜோக்கை விழுங்கினேன். நர்ஸம்மாதான், "சார், நாங்க பின்னாடி இருக்கோம்"ன்னு சொன்னார்.

அவர் திரும்பிப் பார்த்தார். காலி நாற்காலியைப் பார்த்தார். தன் நாற்காலிக் காலைப் பார்த்தார். அப்புறம் பேனாவை எடுத்தார்.

ஸ்டாப் ரத்து, ரத்து. சஸ்பென்டும் ரத்து. ஆனால் உத்தரவை மீறி வண்டி நிறுத்தியதற்கு வருத்தம் தெரிவித்து எழுதித் தரச் சொன்னார். "வருத்தம் இல்ல சார். நிறுத்தாம போயிருந்தாத்தான் வருத்தம்"னு சொன்னேன். "அப்ப வேற ரூட்டுக்குப் போ"ன்னு சொன்னார். போகிறேன். பதினாறு வருஷத்து ரூட் போய்விட்டது. நேற்றுச் சாயங்காலமே முதல் தடவையாக அந்த ஸ்டாப்பில் பயணியாக நின்று ஏறினேன். புது டிரைவர் இளம் பையன், முக்கில் திரும்பியதும் எட்டிக் குடோன் சுவரைப் பார்த்தான். கண்டக்டர் சொல்லிவைத்திருக்கிறார். அது போதும்.

போலிப் படம் என்று எழுதின வரியைச் சிவப்பு மையில் அடித்துக் கொடுத்தார்கள். அதைக் கேட்டு வாங்கினேன், உனக்காக. இதோடு வைத்திருக்கிறேன்.

அப்பா


மே 2

அப்பா,

அடித்த வரியை என் சுவரில் ஒட்டினேன், அப்புறம் எடுத்துப் பெட்டியில் வைத்தேன். சுவரோடு அறையையும் காலி செய்கிறேன்.

9ஆம் தேதி வருகிறேன். வேலை தேடித் தராதீர்கள், மாப்பிள்ளை பார்த்து வைக்காதீர்கள். அந்தக் கேமரா என்னுடையது, திருப்பி எடுத்துக்கொள்ளத்தான் வருகிறேன். நம் ஊரில் எத்தனை கம்பங்கள் இப்படி வெயிலில் தனியாக நிற்கின்றன என்று நான் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றையும் சுற்றி எடுக்கப் போகிறேன். ஸ்பூன் என்று யாராவது சொன்னால் ஆமாம் ஸ்பூன்தான் என்று சொல்லப் போகிறேன்.

ரயிலிலிருந்து இறங்கி, உங்கள் பழைய ரூட் பஸ்ஸில் ஏறி, ஆஸ்பத்திரி பின்வாசலில் இறங்குவேன். நாலரை மணி ஆகும்.


மே 5

மகளுக்கு,

இது உனக்குக் கிடைக்குமோ, நீ முன்னால் வந்துவிடுவாயோ, தெரியாது. எழுதிப் பழகிவிட்டது, கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

ஸ்டாப்பில் புதுசாக ஒரு போர்டு வைத்திருக்கிறார்கள். "பயணிகள் கம்பத்தருகே நிற்கவும்." நல்ல பெரிய எழுத்து. அதைப் படிப்பதற்கு யாரும் கிட்டே போவதில்லை, வெயில்.

ஒன்பதாம் தேதி நாலரைக்கு நான் வருவேன். அம்மாவும் வருகிறாள். முக்கில் பஸ் திரும்பும்போது ஜன்னல் வழியாகப் பார்ப்பாய். கம்பத்தடியில் தேடாதே, அங்கே நிற்க மாட்டேன், போர்டு என்ன, எது வைத்தாலும். மேற்கே பார். குடோன் சுவரோரம் முதலில் தொப்பை தெரியும். அதற்குப் பின்னால் நான்.

அப்பா